அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் ஏலத்தில் தம்பிகள் பணத்தை விடும் இடங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காமிக்ஸ் சேர்ப்பவர்கள் என்றால் முன்பெல்லாம் முத்து, லயன், ராணி, இந்திரஜால் என்று நாலு பெயருக்குள் பேச்சு முடிந்துவிடும். இப்போது ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்கள் கையில் காசும் இருக்கிறது, செல்போனும் இருக்கிறது. மாயாவியில் ஆரம்பித்து, கொஞ்ச நாளிலேயே 1960களின் அமெரிக்க அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் (பெரிய கம்பெனிகளுக்கு வெளியே, பெரும்பாலும் வயதுவந்தோருக்காக வந்த சின்ன வெளியீடுகள்) வரை போய்விடுகிறார்கள். அவற்றை வரைந்த ராபர்ட் கிரம்ப், கில்பர்ட் ஷெல்டன் என்ற பெயர்களெல்லாம் தருமபுரி புத்தகத் திருவிழாவில் டீ குடிக்கும் இடத்தில் காதில் விழுகின்றன. சந்தோஷம்தான். ஆனால் எங்கள் செட் ஆட்கள் அந்தக் காலத்தில் எங்கெங்கே பணத்தை விட்டார்களோ, அதே இடங்களில்தான் இவர்களும் விடுகிறார்கள்.

அட்டையில் பெயர் எழுதாதே, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் இந்தப் பக்கமே வர மாட்டார்.

செய்தியில் வந்த விலையை நம்பி இறங்குவது

2024 ஏப்ரலில் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது சூப்பர்மேன் அறிமுகமான 1938ஆம் வருடத்து இதழ். அதன் விலைக்கும் நம் சரக்குக்கும் சம்பந்தமே இல்லை. கிரம்ப் பெயரோடு ஒரு பெரிய தொகையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபிரிட்ஸ் என்ற பூனையின் 1969ஆம் வருடத் தொகுப்புக்கு அவர் போட்ட அட்டை ஓவியம் 2017இல் 7,17,000 டாலருக்குப் போனது. போனது அச்சடித்த புத்தகம் அல்ல, அவர் கையால் வரைந்த மூலத் தாள். உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய பெயர் போட்ட எந்த இதழைப் பார்த்தாலும் பொக்கிஷம் என்று துள்ளுபவர்களை என்ன சொல்ல?

பதிப்பைப் பார்க்காமல் வாங்குவது

எனக்குத் தீராத எரிச்சல் இதில்தான். நிதானமாகவே சொல்கிறேன்.

பெட்டிக்கடை, பத்திரிகைக் கடை வழியாக விற்ற சாதாரண அமெரிக்க காமிக்ஸ், மாத இதழ் கணக்குதான். ஒரு தடவை அச்சாகும், விற்காதது திரும்பிப் போகும், அடுத்த மாதம் அடுத்த இதழ் வரும். அதில் போட்டிருக்கும் வருடத்தைப் பெரும்பாலும் அப்படியே நம்பலாம். அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் அப்படி இல்லை. 1954இல் வந்த காமிக்ஸ் கோடு என்ற தணிக்கை முத்திரையை அவை வாங்கியதே இல்லை, வாங்கியிருக்கவும் முடியாது. அதனால் வழக்கமான கடைகளுக்குள் நுழைய வழியில்லை. போஸ்டரும் புகைக்குழலும் விற்ற ஹெட் ஷாப் கடைகளில்தான் விற்றன. அங்கே வாங்கிய சரக்கைத் திருப்புகிற பழக்கம் கிடையாது. தீர்ந்தால் மறுபடி கேட்பார்கள். வெளியிட்டவரும் அதே இதழை மறுபடி அடித்துக் கொடுப்பார். இப்படி வருடக்கணக்கில் நடக்கும். உள்ளே காப்பிரைட் வரியில் முதல் வருடம் அப்படியே நிற்கும், அட்டை விலை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இதற்குப் பெயர்போன உதாரணம் ஸாப் காமிக்ஸ் முதல் இதழ். 1968, சான் பிரான்சிஸ்கோ. வரைந்தவர் கிரம்ப், வெளியிட்டவர் டான் டொனாஹியூ, அச்சடித்தவர் சார்லஸ் பிளைமெல் என்ற கவிஞர். அதைக் குழந்தை வண்டியில் வைத்து ஹைட் தெருவில் விற்றார்கள் என்று சேகரிப்பவர்கள் அலுக்காமல் சொல்வார்கள். முதல் பதிப்பின் அட்டை விலை 25 சென்ட். பின் அட்டையில் பிளைமெல் அச்சிட்டதாக ஒரு பொடி வரி இருக்கும். அந்த வரி உள்ள பிரதி நல்ல நிலையில் இருந்தால் பல ஆயிரம் டாலர். அந்த வரி இல்லாத, 50 சென்ட் போட்ட பிந்தைய பதிப்பு என்றால் சில பத்து டாலரில் முடிந்துவிடும். உள்ளே கதையில் ஒரு கோடுகூட வித்தியாசம் தெரியாது.

கிருஷ்ணகிரித் தம்பி ஒருவர், ஓசூரில் ஷிஃப்ட் வேலை. தீபாவளி போனஸ் மொத்தத்தையும் இதில் போட்டுவிட்டு, "அண்ணா, ஸாப் ஒண்ணு வந்துடுச்சு" என்று போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்தார். அட்டைப்பெட்டி, உள்ளே குமிழ் பிளாஸ்டிக், அதற்குள் இரண்டு அட்டைக்கு நடுவே புத்தகம். பிரிக்கும்போது ஃபேனை நிறுத்தச் சொன்னார். நான் முகப்பைக்கூடப் பார்க்கவில்லை, நேராகத் திருப்பிப் பின் அட்டையைப் பார்த்தேன். வரி இல்லை. முன்னால் திருப்பினேன், 50 சென்ட். விற்றவர் 1968, ஒரிஜினல் என்று எழுதியிருந்தார்.

"அவரு பொய் சொல்லலியே அண்ணா, உள்ளே 1968னுதானே இருக்கு?"

பொய் இல்லைதான். எரிச்சலே அங்கேதான். அந்த இதழ் ஒரிஜினல் ஸாப்தான், அதில் 1968 என்றுதான் போட்டிருக்கிறது. ஏமாற்றியவர் என்று யாரையும் காட்ட முடியாது, திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்திருந்தது. ஏலப் பக்கத்தில் பின் அட்டைப் படம் தெளிவாகவே இருந்தது. தம்பி அதைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும். அவர் பார்த்ததெல்லாம் வேறொரு பிரதி, முதல் பதிப்பு, எத்தனை ஆயிரம் டாலருக்குப் போனது என்ற ஸ்கிரீன்ஷாட். கதை அதோடு முடியவில்லை. அதே தம்பி அடுத்து ஷெல்டனின் ஃப்ரீக் பிரதர்ஸ் முதல் இதழை இதே மாதிரி வாங்கினார். ரிப் ஆஃப் பிரஸ் 1971இல் வெளியிட்டுவிட்டு எத்தனையோ தடவை மறுபதிப்பு போட்ட இதழ் அது!

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் அட்டை விலை. அப்புறம் பின் அட்டையில் அச்சகம் பற்றிய வரி. அப்புறம் உள்பக்கத்தில் வெளியீட்டாளர் பெயரும் முகவரியும், ஏனென்றால் பல இதழ்கள் ஒரு வெளியீட்டாளரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறியிருக்கின்றன. ஸாப்பே பிறகு பிரிண்ட் மின்ட்டுக்குப் போனது. இந்த மூன்று இடத்துக்கும் படம் கேளுங்கள். தராத ஆளிடம் வாங்க வேண்டாம். ஜே கென்னடி 1982இல் கொண்டுவந்த விலை வழிகாட்டி இந்தத் துறைக்கான அடிப்படை நூல். அதில் இருக்கும் விலைகளுக்கு இன்று மதிப்பில்லை, பதிப்புகளைப் பிரித்தறிய அது இன்றும் உதவும். ஏலத்தில் பழைய விலையைத் தேடும்போது இதழின் பெயரை மட்டும் அடிக்காமல் எத்தனாவது பதிப்பு என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

நம் ஊர்ச் சரக்கிலும் இதே கூத்துதான். 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியும், பின்னால் வந்த மறுபதிப்பும் ஒரே விலையில் கைமாறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாங்குகிறவர் கதைத் தலைப்பைப் பார்க்கிறார், விற்கிறவர் அவர் முகத்தைப் பார்க்கிறார்.

பைண்டிங் போட்டதை வாங்குவது

வாடகை நூலகத்திலிருந்து வந்த பழைய காமிக்ஸ் பாதிக்கு மேல் இப்படித்தான். பின்னைப் பிடுங்கி, பத்துப் பதினைந்தை ஒன்றாகத் தைத்து, மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் விட்டிருப்பார்கள். படிக்க வசதி. சேகரிப்பு என்று பார்த்தால் விலை போனது போனதுதான். சிலர் அதைப் பிரித்து, புதுப் பின் அடித்துத் தனித்தனியாக விற்கிறார்கள். பக்க எண்ணுக்கும் தாளின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பின் அடித்திருக்கும் மடிப்பு ஓரத்தில் வரிசையாகத் தையல் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அமெரிக்க இதழ்களிலும் ஓரம் வெட்டுவது உண்டு, நைந்த ஓரத்தை மறைப்பதற்காக. 2000இல் தொடங்கிய சிஜிசி மாதிரி, இதழின் நிலையைச் சோதித்துத் தரம் போடும் நிறுவனங்கள் அதை லேபிளிலேயே குறித்துவிடும், விலை படுத்துவிடும்.

கேட்கும் விலையை விற்ற விலை என்று நினைப்பது

யாரும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்தது எவ்வளவு என்று பாருங்கள்.

சுத்தியல் விழுந்த தொகையோடு கணக்கை முடிப்பது

அதற்கு மேல் ஏல நிறுவனத்தின் வாங்குபவர் கட்டணம் உண்டு. காமிக்ஸ் ஏலங்களில் 20 சதவீதம் என்பது சாதாரணம். அப்புறம் தபால், காப்பீடு, கார்டுக்காரர் பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம், இங்கே வந்ததும் சுங்கம். நூறு டாலருக்கு எடுத்தேன் என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் கடைசியில் கையை விட்டுப் போனது எத்தனை ரூபாய் என்று கேளுங்கள், பேச்சு மாறும். இன்னொன்று: பழைய ஏல முடிவுகளைப் பார்க்கும்போது அந்தத் தொகை கட்டணத்தோடு சேர்த்ததா, சேர்க்காததா என்று கவனிக்க வேண்டும். இரண்டையும் கலந்து சராசரி போட்டால் குழப்பம்தான்.

செலோடேப்

வேண்டாம்.

லேமினேஷன்

அதுவும் வேண்டாம். செய்தவரை நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

சுங்கத்தை மறப்பது

அண்டர்கிரவுண்ட் காமிக்ஸில் நிறைய வயதுவந்தோருக்கானவை. ஸாப் நான்காவது இதழை விற்றதற்காக அமெரிக்காவிலேயே கடைக்காரர்கள் மேல் ஆபாச வழக்கு பாய்ந்தது. ஆபாசமான அச்சுப் பொருளை இறக்குமதி செய்ய நம் சுங்கச் சட்டப்படியும் தடை உண்டு. பார்சலைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரி கிரம்ப் ரசிகராக இருப்பார் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். தொட வேண்டாத இதழ்கள் எவை என்று முதலிலேயே முடிவு பண்ணிவிடுவது நல்லது. அமெரிக்கன் ஸ்பிளெண்டர் மாதிரி, குமாஸ்தா வேலையும் பஸ் பயணமுமாகப் போகிற தொடர்களில் இந்தத் தொல்லை குறைவு.

பரணில் வைப்பது

ஷீட் போட்ட வீட்டுப் பரண் நம் பக்கத்து ஏப்ரல் வெயிலில் அடுப்புதான். நியூஸ் பிரிண்ட் தாளில் அமிலம் இருக்கிறது, சூடு ஏற ஏறப் பழுப்பு வேகமாகும், ஓரம் பொடியாய் உதிரும். தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி தனிக் கதை. தரையோடு ஒட்டாத மர அலமாரி, உள்சுவர் ஓரம், புத்தகத்துக்கு ஒன்றாக பாலிபுரொப்பிலீன் உறை, பின்னால் அமிலமில்லாத அட்டை. துணிக்கடைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி வைத்தால் உள்ளே வேர்த்து அட்டை ஒட்டிக்கொள்ளும். நாஃப்தலீன் உருண்டையை உறைக்குள்ளேயே போடுகிறார்கள் சிலர். அந்த வாசனை தாளில் ஏறினால் போகாது, விற்கும்போது வாங்குகிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலையைக் குறைப்பார்.