வெள்ளிக்கிழமை இரவில் பூங்கொத்தை நீட்டாதீர்கள்

யூத நண்பர் வீட்டு விருந்துக்கு எந்தப் பூ வாங்கலாம் என்றுதான் பலரும் யோசிக்கிறார்கள். பூவில் பெரிதாகத் தவறு நேர்வதில்லை; நேரத்தில்தான் நேர்கிறது.

ஷபாத் என்னும் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்குகிறது. பல ஊர்களில் அதற்குப் பதினெட்டு நிமிடம் முன்பே மெழுகுவத்தி ஏற்றிவிடுவார்கள். அதன்பின் செடியை வளர்க்கும் எந்த வேலையும் கூடாது. விரியாத மொட்டுகளைத் தண்ணீரில் வைப்பதுகூட அந்தக் கணக்கில் வரும். ஜாடித் தண்ணீரை மாற்றவும் மாட்டார்கள். இரவு எட்டு மணிக்கு நீங்கள் மொட்டும் மலருமாக ஒரு கொத்தை நீட்டினால், நியமம் தவறாத வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு வாங்கி ஒரு மூலையில் வைப்பார். ஷபாத் முடியும் சனிக்கிழமை இரவுவரை பூ வாடிக் கிடக்கும். "நீங்களே தண்ணீரில் வைத்துவிடுங்கள்" என்று உங்களிடம் சொல்லவும் அவருக்குச் சங்கடம். எல்லாக் குடும்பங்களும் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லைதான். ஆனாலும் மதியமே கடைக்காரர் மூலம் ஜாடியோடு அனுப்பிவிடுவது யாருக்கும் தொல்லையில்லை.

எகிப்து அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பாஸ்கா திருநாள் விருந்து வேறு வகைச் சிக்கல். அந்த நாட்களில் புளித்த தானியம் வீட்டில் இருக்கக்கூடாது என்பதால், மூலைமுடுக்கெல்லாம் துழாவி ரொட்டித் துணுக்குகளை அகற்றியிருப்பார்கள். ஒயினும் சாக்லேட்டும் பாஸ்காவுக்கு உகந்தவையா என்று நீங்கள் முத்திரை பார்த்துத்தான் வாங்க வேண்டும். பூவுக்கு அந்தக் கவலை இல்லை. அழகுக்காகக் காய்ந்த கோதுமைக் கதிர் செருகிய கொத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உயரமான அலங்காரமும் வேண்டாம். மேஜையில் சடங்கு உணவுகள் வைக்கும் சேடர் தட்டு, புளிக்காத மட்சா ரொட்டி, எலியா தீர்க்கதரிசிக்கான கிண்ணம், ஆளுக்கு ஒரு வாசிப்புப் புத்தகம் என்று ஏற்கெனவே இடமில்லை. பல மணி நேரம் மாறி மாறி வாசித்துப் பாடும் இரவு அது, எதிரே இருப்பவர் முகம் தெரிய வேண்டாமா? லில்லி வாங்கினால் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடச் சொல்லுங்கள். வெள்ளை மேஜைவிரிப்பில் அந்தக் கறை லேசில் போகாது. வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம், அதற்கு அது நஞ்சு.

பூவுக்கென்றே ஒரு திருநாள் உண்டென்றால் அது ஷவூவோத். இறைவன் தோரா என்னும் வேதத்தை அருளிய நாள் அது; அந்தச் சீனாய் மலை அன்று பூத்தது என்பது மரபு. வீட்டையும் தொழுகைக்கூடத்தையும் பச்சையாலும் மலராலும் நிறைப்பார்கள். அன்று எவ்வளவு கொடுத்தாலும் தகும், முந்தைய நாள் பகலிலேயே சேர்த்துவிட்டால்.

துக்க வீட்டுக்கு மாலையோடு போய்ப் பழகிய நமக்கு இன்னொன்று இடறும். யூதர்களின் ஏழு நாள் துக்கத்துக்குப் பூ அனுப்புவது வழக்கமில்லை. சமைத்த உணவு கொண்டுபோவார்கள். கோஷர், அதாவது யூத உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் வீடானால் அதையும் கோஷர் கடையிலேயே வாங்குங்கள்.