வறண்டுபோன குடும்ப ஜெபத்தை நாங்கள் மீட்டெடுத்த விதம்

இரவு குடும்ப ஜெபம் எங்கள் வீட்டில் நின்றுபோகவில்லை, ஆனால் வறண்டுபோயிருந்தது. வேதாகமத்திலிருந்து நீண்ட அதிகாரம், அதைவிட நீண்ட ஜெபம், நடுவே தூங்கி விழும் சின்னவள், எப்போது முடியும் என்று காத்திருக்கும் பெரியவன்.

முதலில் நேரத்தை மாற்றினோம். சாப்பிட்டு முடித்ததும், எழுந்து கலையும் முன்பே ஜெபம். அப்புறம் வாசிப்பைச் சுருக்கினோம். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொண்டோம்; அதில் 16 அதிகாரங்கள்தான். கதை விறுவிறுவென்று நகரும். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். வாசித்தபின் நான் விளக்கம் சொல்வதில்லை. "இதில் உனக்கு எது புரியவில்லை?" என்று மட்டும் கேட்பேன். பிள்ளைகள் வாய் திறந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

பெரிய மாற்றம், வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களால் வந்தது. 13-ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும். தேவனிடம் இப்படியும் பேசலாமா என்று மகன் கேட்டான். தாராளமாகப் பேசலாம் என்றேன். பள்ளியில் தன்னை ஒதுக்கி வைப்பதை அன்றுதான் சொல்லி அழுதான்.

கணவரும் நானும் மத்தேயு 5:23, 24-ஐப் பிடித்துக்கொண்டோம்: காணிக்கை செலுத்தும் முன், மனஸ்தாபம் உள்ளவரோடு ஒப்புரவாக வேண்டும், அதாவது சமாதானமாக வேண்டும். மனஸ்தாபம் இருந்தால், ஜெபத்துக்கு உட்காரும் முன் பிள்ளைகள் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுவோம். என் போதனைகளைவிட இதுதான் அவர்கள் மனதில் ஆழமாகப் பதிகிறது.

பரீட்சை நாட்களில், இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சேர்ந்து சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். அதுவும் சரிதான்.