வாசலுக்கு வெளியே நின்று கொடுங்கள்

சபையில் உதவிப் பணத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து 12 வருடங்கள் ஆகின்றன. புதிதாக என்னோடு சேருகிறவர்களிடம் முதலில் வேதாகமத்தில் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்வேன். கடன் கொடுத்தவன் அடகு வாங்கப் போனால் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன் வாங்கியவனே அதை வெளியே கொண்டுவந்து தர வேண்டும் என்று அங்கே இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லாதவனுக்கும் அவன் வீட்டு வாசல் அவனுடையதுதான். எத்தனை நுணுக்கமான இரக்கம் பாருங்கள்!

இது எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுப்பேற்ற முதல் வருடம், ஆராதனை முடிந்ததும் பெயர் பெயராக அழைத்து எல்லார் முன்பும் துணிகளைக் கொடுத்தேன். போட்டோவும் எடுத்தோம். ஒரு தாய் மகனோடு வந்து வாங்கிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து ஆராதனைக்கே வரவில்லை. தேடிப்போய்க் கேட்டேன். “உதவி வேண்டாம்னு சொல்லலை ஐயா. அவன் கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாரும் பார்த்துட்டாங்க” என்றார். அன்றோடு மேடையையும் போட்டோவையும் விட்டோம். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று இயேசு சொன்னதை அதுவரை கொடுப்பவனின் பெருமைக்கான எச்சரிக்கையாக மட்டுமே படித்திருந்தேன். அது வாங்குகிறவரின் முகத்தையும் காக்கிறது.

சரி, எப்படித் தொடங்குவது? முதலில் கேளுங்கள். எரிகோவில் பர்திமேயு பார்வையற்றவன் என்பது கூட்டத்துக்கே தெரியும். அப்படியிருந்தும் இயேசு, “நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?” என்று அவனிடமே கேட்டார். நாமோ கேட்காமலே அரிசி மூட்டையோடு போய் நிற்கிறோம். அவர்களுக்கு மருந்துச் செலவோ, பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ, யாராவது கூட வந்தால் போதும் என்கிற ஒரு வேலையோ இருக்கலாம்.

அப்புறம், பணம் கைக்கு வந்த அன்றே பங்கை எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் கொடுக்கலாம் என்று இருந்தால் பெரும்பாலும் மிஞ்சாது. லேவியராகமம் 19 வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்க வேண்டாம், சிந்தினதைப் பொறுக்க வேண்டாம், அதை எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது வேற்று நாட்டானுக்கும், விட்டுவிடு என்கிறது. அறுவடையின்போதே விட வேண்டிய பங்கு அது.

ரூத்தின் கதையில் வயலின் சொந்தக்காரரான போவாஸ் அதற்கும் மேலே ஒரு படி போனார். ஏழை விதவையான ரூத் பொறுக்குவதற்காக அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றை உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்லிவைத்தார். சாயங்காலம் அவள் தட்டி அடித்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை இருந்தது. அது அவள் உழைத்துப் பெற்றது. வேலை செய்யக்கூடியவருக்கு முடிந்தவரை வேலையாகவே கொடுங்கள், கூலியைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள்.

கூலி என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அதே உபாகமம் 24, கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடு, அவன் அதை எதிர்பார்த்திருக்கிறான் என்கிறது. வீட்டில் வேலை செய்கிறவருக்குச் சம்பளப் பாக்கி வைத்துக்கொண்டு காணிக்கைப் பெட்டியில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். பாக்கியை முதலில் கொடுங்கள். அது உங்கள் தர்மம் அல்ல, அவர்கள் பணம்.

“ஜெபித்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். ஜெபியுங்கள், கூடவே கொடுக்கவும் செய்யுங்கள். பசித்தவனிடம் பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொன்னால் பிரயோஜனம் என்ன என்று யாக்கோபு தன் நிருபத்தில் கேட்கிறார்.

பலரும் கோட்டைவிடுவது கடைசிக் காரியத்தில். இயேசு சொன்ன கதையில், கள்ளர் அடித்துப் போட்டுவிட்டுப் போனவனின் காயத்தில் நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததை எல்லாரும் சொல்வார்கள். மறுநாள் அவன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சத்திரக்காரன் கையில் இரண்டு பணம், அதாவது இரண்டு வெள்ளிக்காசு, கொடுக்கிறான். மத்தேயு 20-இன்படி ஒரு பணம் ஒரு நாள் கூலி. அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்கிறான். திரும்பி வருகிற எண்ணம் அவனுக்கு இருந்தது. நானும் ஒரு வீட்டிலிருந்து கிளம்புமுன், மறுபடி எப்போது வரலாம் என்று அவர்களிடமே கேட்டு, அங்கேயே டைரியில் தேதியைக் குறித்துக்கொள்கிறேன்.