கொல்லையோடு வீடு வாங்கப் போகிறீர்களா? வேலூர்ப் பக்கம் பார்க்க வேண்டியவை

குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் கொல்லையோடு (பயிர் வைக்கிற நிலம்) மாடி இல்லாத தனி வீடு தேடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ரிட்டையர் ஆனவர்கள், மூட்டு வலியால் படி ஏற முடியாத அப்பா அம்மாவுக்காகப் பார்க்கிற பிள்ளைகள். புரோக்கர் நேராகத் திண்ணைக்கும் தென்னைக்கும்தான் கூட்டிக்கொண்டு போவார். நான் சொல்வது, வீட்டைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பாதை, அப்புறம் தண்ணீர், அப்புறம் பத்திரம். வீடு சரியில்லை என்றால் இடித்துக்கூடக் கட்டலாம், மற்ற மூன்றையும் பணம் கொடுத்துச் சரி செய்வது பெரும்பாடு.

தார் ரோட்டிலிருந்து வாசல் வரை கார் போகிறது என்பதற்காக அது உங்கள் பாதை ஆகிவிடாது. பக்கத்துக் கழனிக்காரர் போனால் போகட்டும் என்று விட்ட இடமாக இருக்கலாம், நாளைக்கு அவர் பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது கம்பி வேலி போட்டுவிடுவார்கள். எஃப்.எம்.பி. என்கிற சர்வே எண்ணின் புல வரைபடத்தை எடுத்து வண்டிப்பாதை அதில் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த சர்வே எண் வழியாக, எத்தனை அடி அகலத்தில் போக உரிமை என்பது விற்பவரின் பத்திரத்தில் இருக்க வேண்டும். வெறுமனே "மாமூல் வழிநடைப் பாத்தியம்" என்று எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள், நடந்து போகத்தான் உரிமை என்று பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு வரலாம். வயதானவர்கள் இருக்கப் போகிற வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும்.

தண்ணீரை ஏப்ரல், மே மாதத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மோட்டாரைப் போடச் சொல்லி எவ்வளவு நேரம் விடாமல் இறைக்கிறது என்று நின்று பாருங்கள். கிணறு இருந்தால் முழுக் கிணறா, பங்குக் கிணறா என்று கேளுங்கள். பங்கு என்றால் எத்தனையில் ஒரு பாகம், யாருக்கு எந்த நாள் முறை என்பதெல்லாம் பத்திரத்தில் ஏறியிருக்க வேண்டும். நம் பக்கத்தில் அளவு மட்டும் போதாது, தரமும் வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் கெட்டது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996-இல் தீர்ப்பு வந்த விஷயம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் வாங்குகிறவர்கள் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். உப்பு அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை ஏற்கலாம் என்பது குடிநீருக்கான அளவுகோல். குரோமியமும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே இடத்தை ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தடவை பாருங்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் மலையோரம் என்றால் யானை இறங்குமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள், காப்புக்காடு பக்கத்தில் மாவும் வாழையும் வைத்திருப்பவர்களுக்கு அது வருஷா வருஷம் உள்ள கவலை.

பத்திரத்துக்கு வருவோம். பட்டா மட்டும் உரிமைக்குச் சாட்சி ஆகாது, பஞ்சாயத்து வீட்டு வரி ரசீது சுத்தமாக ஆகாது. வீடு எந்த சர்வே எண்ணில் நிற்கிறது, அது நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), புஞ்சையா, புறம்போக்கா (அரசு நிலம்) என்று கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். கொல்லை பட்டாவிலும் வீடு ஏரிப் புறம்போக்கிலும் இருக்கிற கதை நடக்கிறது. பஞ்சமி நிலம் (தலித் மக்களுக்கு என்று ஒதுக்கியது), கோயில் நிலம், பூதான நிலம் (நிலமில்லாதவர்களுக்காகத் தானமாக வந்தது) என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் இதுவரை பதிவான விற்பனை, அடமான விவரம், இணையத்தில் கிடைக்கும், அதில் இல்லாத பழைய வருஷங்களை சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து (சொத்தின் மூலப் பத்திரம்) இன்றுவரை சங்கிலி அறாமல் வர வேண்டும். அப்பா உயில் எழுதாமல் இறந்த சொத்து என்றால் கட்டிக்கொடுத்த மகள்கள் உட்பட எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும், "தங்கச்சி ஒண்ணும் சொல்லாது சார்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர் கணக்கில் 0.40.50 என்று இருந்தால் அது ஏறக்குறைய ஒரு ஏக்கர். சர்வேயரை வைத்து அளந்து நாலு மூலையிலும் கல்லைப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ், அதுவும் வங்கி வழியாக. வெளிநாட்டில் வசிக்கிறவர்கள் விவசாய நிலமோ பண்ணை வீடோ தங்கள் பெயரில் வாங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். புஞ்சைப் பட்டாவில் அப்ரூவல் இல்லாமல் கட்டிய வீட்டுக்குக் கடன் கிடைப்பது கஷ்டம், வங்கியில் கேட்டுக்கொண்டு விலை பேசுங்கள்.

இப்போது வீடு. மாடி இல்லாத வீட்டில் வேலூர் வெயில் நேராகக் கூரையில் இறங்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஃபேன் போடாமல் உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். தளத்தின் மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்திருக்கிறதா, ஓட்டு வீடு என்றால் கூரை மரச் சட்டத்தில் கரையான் ஏறியிருக்கிறதா, செப்டிக் டேங்க் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வாசற்படி உயரம், கழிவறைக் கதவின் அகலம் இரண்டும் வயதானவர்களுக்கு முக்கியம். கரண்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: சில கொல்லை வீடுகளில் பம்ப்செட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில்தான் வீட்டு லைட்டும் எரியும். அது விதிமீறல், வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் மட்டுமே பேசுங்கள்.

செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2023 ஜூலையில் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், ஆக ஒன்பது. பதிவு முடிந்ததும் பட்டா மாறுதல், வீட்டு வரி, வீட்டு மின் இணைப்பு, பம்ப்செட் இணைப்பு என நாலுக்கும் பெயர் மாற்ற உடனே எழுதிக் கொடுங்கள். பம்ப்செட் இணைப்புக்கு விற்றவரின் சம்மதக் கடிதத்தைப் பதிவு நாளன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பணம் கைமாறிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.