சனசமூக நிலையத்தில் சாய்தளம் கட்டப்போகிறவர்களுக்கு: நான் செய்த பிழைகள்

சென்ற மாதம் யாழ்ப்பாணத்து வலிகாமம் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் (ஊராருக்குப் பொதுவான வாசிகசாலையும் கூட்ட இடமும்) புதுக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டக் கயிறு கட்டியிருந்தார்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இளம் பிள்ளைகள். “ஐயா, மாற்றுத்திறனாளிகளும் வந்துபோற மாதிரிக் கட்டப்போறம், ஒருக்கா வந்து பாருங்கோ” என்று கூப்பிட்டார்கள். போனேன். வரைபடத்தில் சாய்தளம் இருந்தது, சந்தோசம். அப்புறம் மேசன் கம்பில் அடையாளம் வைத்திருந்த நிலமட்டத்தை, அதாவது கட்டடத்தின் உள்தரை வரப்போகிற உயரத்தை, பார்த்தேன். மூன்றடி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் ஊர் நிலையத்துக்கு நான் செயலாளராக இருந்தபோது பக்கத்தில் நின்று கட்டுவித்த அதே பிழை.

சாய்தளமே வைக்காமல் விடுவதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்து, 2006இல் கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகளும் வந்து, 2011இல் உயர் நீதிமன்றமும் புதிய பொதுக் கட்டடங்கள் பற்றிக் கட்டளையிட்ட பிறகு, வரைபடத்தில் ஒரு சாய்வுக் கோடு கீற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் கோடு நிலத்துக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை.

நிலமட்டத்தை உயர்த்திவிட்டுச் சாய்தளத்தை யோசிப்பது

இந்தப் பிழையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். இன்னும் ஆறவில்லை.

எங்கள் நிலையம் இரண்டு பரப்புக் காணியில் (சுமார் 5,400 சதுர அடி) இருக்கிறது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டக் கனடாவில் இருக்கிற ஊர்ச்சங்கம் காசு அனுப்பியது. எவ்வளவு உயர்த்துவது என்று கூட்டம் வைத்தோம். ஒருவர் வெள்ளம் என்றார், ஒருவர் பாம்பு என்றார். மூன்றாவது ஆள்தான் உண்மையான காரணத்தைச் சொன்னார்: “பக்கத்து ஊர் நிலையம் இரண்டரை அடி.” அவ்வளவுதான், எங்களுடையது இரண்டே முக்கால் அடி என்று முடிவானது. சாய்தளம் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

கட்டடம் எழும்பி, கூரை போட்டு, பூச்சும் முடிந்த பிறகு, கையில் மிஞ்சியிருந்த சீமெந்தைக் கொண்டு சாய்தளம் போட்டோம். முன்வாசலில் இருந்து மதில் வரை மிஞ்சியிருந்த இடம் பன்னிரண்டு அடி. அதில் மூன்றடி நடக்க வேண்டும் என்று விட்டு, ஒன்பது அடியில் சாய்தளம். முப்பத்து மூன்று அங்குல உயரத்துக்கு ஒன்பது அடி நீளம்! அப்போது எனக்கு அது சாய்தளமாகத்தான் தெரிந்தது. மஞ்சள் வர்ணம்கூடப் பூசினோம்.

திறப்பு விழாவுக்கு எங்கள் அண்ணை ஒருவர் வந்தார். ஒரு காலத்தில் எங்கள் கழகத்துக்குக் கரப்பந்தாட்டம் ஆடினவர், யுத்தத்தில் முள்ளந்தண்டில் காயம்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர். சாய்தளத்தின் அடியில் வந்து நின்று மேலே பார்த்தார். “தம்பி, இது எனக்கோ, இல்லை ஆட்டுக்கோ?” என்றார். எல்லாரும் சிரித்தோம். நாலு பொடியள் சேர்ந்து தள்ளி ஏற்றினார்கள். இறங்கும்போது பின்பக்கமாக இறக்கத் தெரியாமல் முன்பக்கமாகவே விட்டார்கள். ஒருவனுடைய கை வழுக்கியது. நாற்காலி மதிலில் போய் மோதித்தான் நின்றது. அவருக்கு அடி படவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருசம் அவர் உள்ளே வரவில்லை. காலையில் வெளியே வேம்பின் கீழ் நிற்பார், யாராவது பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு ஏதோ உதவி செய்தவன் மாதிரி உள்ளே போவேன்.

கணக்கு மிகவும் எளிது. ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். மேசனுக்கு இப்படியே சொல்லுங்கள், சதவீதம், பாகை என்று சொல்லிக் குழப்பாதீர்கள். முப்பத்து மூன்று அங்குலத்துக்கு முப்பத்து மூன்று அடி. அது சரிவு மட்டும். மேலே கதவுக்கு முன்னால் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறக்கக் கையை எடுக்கும்போது நாற்காலி பின்னால் ஓடும். கீழேயும் ஐந்தடி. சரிவு முப்பது அடிக்கு மேல் நீண்டால் நடுவில் ஓய்வுத் தளம் ஒன்று. எல்லாம் கூட்டினால் ஐம்பது அடிக்குக் கிட்ட வருகிறது. இரண்டு பரப்புக் காணியில், கட்டடம் எழும்பின பிறகு, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிறகு வைத்தோம். மஞ்சள் சாய்தளத்தை உடைத்துக் கொட்டிவிட்டு, பக்கச் சுவரோடு மடித்து, சைக்கிள் விடும் இடத்தை முழுவதும் எடுத்து, முன்பள்ளிப் பிள்ளைகளின் ஊஞ்சலையும் கழற்றி வைத்துக் கட்டினோம். உடைத்த கூலி, கல்லும் மண்ணும் ஏற்றின கூலி, புதுக் கொங்கிறீட், கைபிடிக் கம்பி என்று முதலாவதைப்போல நாலு மடங்கு முடிந்தது. ஊஞ்சலை எடுத்ததற்கு மாதர் சங்கத்தில் வாங்கிய ஏச்சு தனி.

இதில் எனக்கு எரிச்சல் தருவது செலவு அல்ல. அந்த உயரமே தேவையில்லை. கட்டி முடித்த பிறகுதான் பக்கத்து வளவு ஆச்சியிடம், 2008இல் நிஷா புயல் மழைக்கு இந்தக் காணியில் எவ்வளவு வெள்ளம் நின்றது என்று கேட்டேன். தன் வீட்டுச் சுவரில் அடையாளம் காட்டினார். எட்டு அங்குலம். அதற்கு மேல் ஆறு அங்குலம் கூட்டியிருந்தாலும் பதினான்கு. பதினான்கு அடிச் சாய்தளம், முன்சுவரோடு பக்கவாட்டில் திருப்பியிருந்தால், முன்முற்றத்திலேயே அடங்கியிருக்கும், காணி மட்டத்தைப் படலையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண் போட்டு உயர்த்தி வந்திருந்தால் சாய்தளம் என்று தனியாக ஒன்றே தேவைப்பட்டிருக்காது. தண்ணீர் வடிய ஓரத்தில் ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். பக்கத்து ஊரைவிட மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கத்தான் இவ்வளவும்.

ஆகவே, கயிறு கட்டுகிற அன்றே காணியில் எங்கே வெள்ளம் நின்றது என்று வயதானவர்களிடம் கேளுங்கள். அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி, நிலமட்டம் எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். அதே எண்ணை அடியாக்கிக் காணியில் நூல் பிடித்துப் பாருங்கள். நூல் மதிலைத் தாண்டினால் நிலமட்டத்தைக் குறையுங்கள்.

“எங்கட ஊரில அப்படி ஒருத்தரும் இல்லை”

ஏற முடியாத கட்டடத்துக்குள் இருந்துகொண்டு வந்தவர்களை எண்ணினால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்தான். கிராம சேவையாளரிடம் பதிவு இருக்கும், போய்க் கேளுங்கள். யுத்தம் முடிந்த யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்க் கால் என்கிற செயற்கைக் கால் போட்டு நடக்கிறவர் இல்லாத ஊர் எது? அதைவிட, முழங்கால் நோவோடு படிக்கட்டில் சுவரைப் பிடித்து ஏறுகிற உங்கள் அம்மாவையும் எண்ணுங்கள்.

ஜெய்ப்பூர்க் கால் என்றவுடன் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாய்தளம் வந்துவிட்டது என்று படிகளை எடுத்துவிடாதீர்கள். செயற்கைக் கால் போட்ட பலருக்குச் சரிவில் நடப்பதுதான் கஷ்டம், அந்தப் பாதம் சொந்தப் பாதம்போலச் சரிவுக்கு வளைந்து கொடுக்காது. ஆறு அங்குலத்துக்கு மேற்படாத படி, பக்கத்தில் உறுதியான கம்பி இருந்தால் அவர்கள் படியில்தான் ஏறுவார்கள். இது எனக்கு ஒரு அக்கா நேரில் ஏறிக் காட்டித்தான் தெரியும். இரண்டும் வேண்டும்.

சாய்தளத்துக்கு டைல்ஸ்

வேண்டாம். மார்கழி மழையில் ஒருநாள் நடந்து பாருங்கள்.

கதவு

எங்கள் நிலையங்களில் இரட்டைக் கதவு போடுவதுதான் வழக்கம். நாலடி நிலை, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி. ஒரு பக்கத்துக்கு மேலும் கீழும் கொண்டி போட்டுப் பூட்டியே வைத்திருப்பார்கள், துரு ஏறியிருக்கும். மிச்சம் இரண்டடிக்குள் சாதாரணச் சக்கர நாற்காலி போகாது. ஒற்றைக் கதவு திறந்தால் முப்பத்திரண்டு அங்குலமாவது வெறுமையாக இருக்க வேண்டும், மூன்றடி என்றால் கையும் உரசாது. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது அகலமும் நீளமும் கூடியது, உள்ளே வராது. விறாந்தையில் நிழலாக அதை விட இடமும், அதிலிருந்து மாறி உட்கார ஒரு நாற்காலியும் வேண்டும்.

மர நிலையின் கீழ்க்கட்டையையும் பாருங்கள். இரண்டு அங்குலம்தானே என்று விடுவோம். முப்பது அடி ஏறி வந்தவர் அந்த இரண்டு அங்குலத்தில் நின்றுவிடுவார். கட்டை வைக்காத நிலையாகச் செய்யச் சொல்லுங்கள், தச்சர் முகம் சுளித்தாலும்.

படலையில் இருந்து வாசல் வரை மணல்

சாய்தளத்தின் அடிக்கு வருவதே பெரும்பாடு. நாலடி அகலத்தில் இறுகிய பாதை ஒன்று போடுங்கள்.

செருப்பும் மோட்டார் சைக்கிளும்

இதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனாலும் எந்த நிலையத்துக்குப் போனாலும் காண்கிறேன். கூட்டம் என்றால் சாய்தளத்தின் அடியில் மோட்டார் சைக்கிள், மேலே கதவடியில் செருப்புக் குவியல். பார்வை இல்லாத ஒருவர் வெள்ளைப் பிரம்போடு அதற்குள் வந்து மாட்டுப்பட்டதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் படியின் மற்றப் பக்கத்தில் செருப்புத் தட்டு வைத்தோம். இன்னொரு ஊரில், செருப்போடு வரக்கூடாத இடத்துக்குள் சக்கரத்தோடு வரலாமோ என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்விதான்! வாசலில் ஈரச் சாக்கு ஒன்று போட்டால் சக்கரம் துடைபட்டுவிடும்.

மலசலகூடம்

வரைபடத்தில் ‘மாற்றுத்திறனாளிகளுக்கானது’ என்று எழுதி, கொமட் வைத்து, கம்பி பொருத்தி, சக்கர நாற்காலிப் படமும் ஒட்டிவிடுவோம். நான் பார்த்தவற்றில் பாதி பூட்டுத்தான். சாவி தலைவர் வீட்டில், உள்ளே கரப்பந்து வலையும் பிளாஸ்டிக் கதிரைகளும்.

திறந்திருப்பவற்றிலும் வழக்கமான பிழைகள் இருக்கின்றன. கதவு உள்ளுக்குத் திறக்கும், ஆகவே நாற்காலி உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. யாராவது உள்ளே விழுந்தால் வெளியில் இருந்து திறக்கவும் முடியாது. வெளியே திறக்கிற கதவாகப் போடுங்கள். கொமட்டை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றரை அடி மிஞ்சும், இரண்டுமே பயன்படாது. ஒரு சுவர்ப் பக்கம் ஒதுக்கி, மற்றப் பக்கம் மூன்றடி விட்டால்தான் நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுவந்து மாறி உட்காரலாம். இருக்கை உயரம் பதினெட்டு அங்குலம். நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம்.

நாங்கள் தண்ணீர் பாவிக்கிற ஆட்கள். தண்ணீர்க் குழாயும் வாளியும் இருந்தபடியே எட்டுகிற இடத்தில் இருக்கின்றனவா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கட்டி முடித்தவுடன் நீங்களே கதவைச் சாத்திக்கொண்டு கொமட்டில் இருந்து, எழும்பாமல் கையை நீட்டிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாசிகசாலை மேசை

நின்று பேப்பர் வாசிக்கிற உயரச் சாய்மேசையும், அசைக்க முடியாத நீள வாங்கும்தான் பல இடங்களில் உண்டு. நிலத்தில் இருந்து இருபத்தேழு, இருபத்தெட்டு அங்குலம் வெறுமை விட்ட ஒரு சாதாரண மேசை போடுங்கள். முழங்கால் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

கால்களை மட்டும் நினைப்பது

சாய்தளம் கட்டினவுடன் வேலை முடிந்தது என்று நானும் பல வருசம் நினைத்திருந்தேன். சுன்னாகம் வாழ்வகத்தில் வளர்ந்த பார்வையற்ற ஒருவரும், கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்த செவிப்புலனற்ற ஒருவரும் உங்கள் ஊரிலும் இருக்கலாம். ஒருவருக்கு அறிவித்தல் பலகையால் பயனில்லை, மற்றவருக்கு ஒலிபெருக்கியால் பயனில்லை. கூட்ட அறிவித்தலைக் குரல் பதிவாகவும் எழுத்தாகவும் தொலைபேசியில் அனுப்பினால் இருவருக்கும் போகும். தலைவர் ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பேசினால் முகம் இருட்டாகிவிடும், வாயசைவைப் பார்த்து விளங்குகிறவருக்கு ஒன்றும் பிடிபடாது. மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள்.

கட்டின பிறகு கேட்பது

கொங்கிறீட் இறுகின பிறகு ஆலோசனைக்கு இடமில்லை.

வலிகாமத்துப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. எங்கள் அண்ணையை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மேசனிடம் டேப்பை வாங்கி, கம்பில் மூன்றடி அடையாளத்தைப் பார்த்து, “அண்ணை, நான் இதில ஏற நீங்கள் எவ்வளவு நேரம் தள்ளுவியள்?” என்று கேட்டார். மேசன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த ஊர் ஆட்களோடு வெள்ளக் கதை தொடங்கியது. இப்போது அடையாளம் பதினாறு அங்குலத்தில் நிற்கிறது. தலைவருக்கு இன்னும் மனமில்லை என்று கேள்வி.

நினைவுக் கல்

உபயகாரர் பெயர் எழுதின கல்லைச் சாய்தளத்தின் அடியில் நடாதீர்கள். எங்களுடையது இன்னும் அங்கேதான் நிற்கிறது, இரண்டு தரம் நாற்காலி முட்டி உபயகாரர் பெயரில் ஓர் எழுத்தும் உடைந்துவிட்டது.