வீட்டில் ஒருவரைக் கைது செய்துவிட்டார்கள்: முதல் 24 மணி நேரமும் அதற்கு அப்புறமும்

கிரிமினல் கோர்ட்டில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "சார், தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க." எந்த ஸ்டேஷன் என்று கேட்டால் தெரியாது. எத்தனை மணிக்கு என்றால், "சாப்பிட்டுக்கிட்டு இருந்தான், அப்பத்தான்" என்பார்கள். என்ன கேஸ் என்றால் அழுகைதான் வரும். அழுவது இயல்புதான், ஆனால் அந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாமல் எந்த வக்கீலாலும் ஒரு அடிகூட நகர முடியாது. அதனால் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதுகிறேன். பிரிவு எண்கள் எல்லாம் பழைய சி.ஆர்.பி.சி.க்குப் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின்படி.

முதல் வேலை: ஒரு நோட்டு, ஒரு பேனா

சிரிக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போன நேரம், வந்தவர்கள் எத்தனை பேர், சீருடையா மஃப்டியா, சட்டையில் பெயர்ப்பட்டை இருந்ததா (36-வது பிரிவின்படி தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும்), வண்டி எண், பக்கத்து வீட்டில் யார் பார்த்தார்கள், எல்லாவற்றையும் உடனே எழுதிவையுங்கள். தெருமுனைக் கடையில் சிசிடிவி இருந்தால் அதையும் குறித்துக்கொண்டு, காலையிலேயே கடைக்காரரிடம் பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல கருவிகளில் பழைய பதிவு தானாகவே அழிந்துபோகும்.

நேரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், கைதுக்கு அப்புறம் வரும் உரிமைகளில் பெரும்பாலானவை கடிகாரத்திலும் காலண்டரிலும் தொங்குபவை. 24 மணி நேரம், 15 நாள், 60 நாள், 90 நாள் என்று எல்லாம் எண்ணிக்கைதான். காகிதத்தில் என்ன நேரம் போட்டார்களோ அதுதான் கோர்ட்டுக்குத் தெரியும். ராத்திரி ஒன்பதுக்குக் கூட்டிப் போனவரை, மறுநாள் மதியம் பஸ் ஸ்டாண்ட் அருகே "சந்தேகத்துக்கிடமான வகையில் நின்றவரைப் பிடித்து விசாரித்தபோது" என்று எழுதினால், உங்கள் நோட்டில் இருக்கும் ஒன்பது மணிதான் அதற்குப் பதில்.

அந்தக் காலத்து வக்கீல்கள் இதற்காகவே ராத்திரியோடு ராத்திரியாகக் கமிஷனருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி அடிப்பார்கள். தந்தி சேவை 2013-இல் நின்றுபோனது. இப்போது அதே வேலையை மின்னஞ்சல் செய்கிறது: மாவட்ட எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு, "இன்னாரை இத்தனை மணிக்கு இந்த இடத்திலிருந்து அழைத்துச் சென்றார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிவிக்கவும்" என்று நாலு வரி போதும். காலையில் அதையே பதிவுத் தபாலிலும் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டிவையுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போங்கள், ஆனால் ஊரைத் திரட்டிக்கொண்டு போகாதீர்கள்

இரண்டு பேர் போதும். ஒருவர் நிதானமாகப் பேசத் தெரிந்தவராக இருக்கட்டும். பத்துப் பேர் போய் வாசலில் சத்தம் போட்டால், பணி செய்யவிடாமல் தடுத்ததாக இன்னொரு கேஸ் சேர்ந்து, உள்ளே ஒருவர் என்பது உள்ளே மூவர் என்று ஆகிவிடும். பார்த்திருக்கிறேன்.

போனதும் கேட்க வேண்டியது: இது கைதா, விசாரணையா? "சும்மா விசாரணைக்குத்தான், காலையில அனுப்பிடுவோம்" என்றால், விசாரணைக்கு வரச்சொல்லிக் கொடுத்த நோட்டீஸ் எங்கே என்று மரியாதையாகக் கேளுங்கள். சாட்சியாக விசாரிக்க 179-வது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரை வரச்சொல்ல 35(3) என்று இரண்டு வகை உண்டு. பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 தாண்டியவர்களைச் சாட்சி விசாரணைக்காக வீட்டைவிட்டு வேறு இடத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

கைதுதான் என்றால் குற்ற எண்ணை, அதாவது எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கேளுங்கள். ஸ்டேஷன் பெயர், குற்ற எண், வருடம், பிரிவுகள், இந்த நாலும் இருந்தால் வக்கீல் வேலையைத் தொடங்கிவிடுவார். எஃப்.ஐ.ஆர். நகல் கைதானவருக்கும் கிடைக்க வேண்டும். போக்சோ மாதிரி ரகசியம் காக்க வேண்டிய வழக்குகள் தவிர மற்றவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது, தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம்.

அடுத்தது கைது குறிப்பாணை, பேச்சில் அரெஸ்ட் மெமோ. குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மரியாதைக்குரிய ஒருவரோ அதில் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன விதிகள், இன்று 36-வது பிரிவில் இருக்கின்றன. உங்களைச் சாட்சிக் கையெழுத்து போடச் சொன்னால் அதில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்க்காமல் போடாதீர்கள். நேரம் தவறாக இருந்தால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே சரியான நேரத்தை எழுதுங்கள். வெற்றுக் காகிதம் எதிலும், யார் கேட்டாலும், கையெழுத்து வேண்டாம்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா வகைக் குற்றங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் கொடுக்க முடியாமல் போனாலும், ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு) கொண்டுபோவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுத்தாக வேண்டும். வெறும் பிரிவு எண்கள் காரணம் ஆகாது, இந்த ஆள் என்ன செய்தார் என்பதால் கைது என்று அதில் இருக்க வேண்டும்.

பெண்ணைக் கைது செய்வதென்றால் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கூடாது. தவிர்க்க முடியாத சூழ்நிலையில் மட்டும் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு செய்யலாம். பதினெட்டு வயது ஆகாத பையன் என்றால் பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அவனை லாக்கப்பில் வைக்கவே கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும்.

உள்ளே இருப்பவர் என்ன பேச வேண்டும்?

பெயர், முகவரி, வயது, இவற்றைச் சொல்லத்தான் வேண்டும். சம்பவத்தைப் பற்றி, "என் வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது போதும். தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியலமைப்பின் 20(3) சொல்கிறது. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமையும் உண்டு, 38-வது பிரிவு. ஆனால் விசாரணை முழுவதும் வக்கீல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை, சினிமாவில் வேண்டுமானால் உட்காரலாம்.

"போலீஸ்ல ஒத்துக்கிட்டது செல்லாதுண்ணே" என்று டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். பாதிதான் உண்மை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது, சரி. ஆனால் "கத்தியை முள்ளுக்காட்டில் போட்டேன், வந்தால் காட்டுகிறேன்" என்று சொல்லி, அங்கே போய் மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு) போட்டு எடுத்தால், அந்தப் பொருளைக் கண்டுபிடிக்க உதவிய பகுதி மட்டும் செல்லும். புதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவிலும் அது அப்படியேதான் இருக்கிறது. இந்த ஒரு ஓட்டையை நம்பித்தான் நிறைய வழக்குகள் நிற்கின்றன. ஆகவே பேசாமல் இருப்பதில் அசிங்கம் ஒன்றும் இல்லை.

ரிமாண்ட்: வீட்டார் கட்டாயம் இருக்க வேண்டிய இடம்

கைது செய்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி பிடித்தால் திங்கள்வரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. கோர்ட் விடுமுறை என்றால் மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதனால் ஸ்டேஷனில் யார் வீட்டுக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டு முன்னாலேயே போய் நில்லுங்கள்.

அதற்கு முன் அரசு மருத்துவமனையில் மருத்துவப் பரிசோதனை நடக்கும். அடித்திருந்தால் சொல்ல வேண்டிய முதல் ஆள் அந்த டாக்டர்தான். யார், எதனால், எங்கே என்று சொன்னால் குறிப்பில் ஏறும். பரிசோதனை அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும் என்று 53-வது பிரிவு சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். கேட்காமல் கிடைப்பது அபூர்வம்.

அடுத்து சொல்ல வேண்டியவர் மாஜிஸ்திரேட். "போலீஸ் அடித்தார்களா?" என்று அவர் கேட்பார், கேட்காவிட்டாலும் சட்டையைத் தூக்கிக் காட்டலாம். பக்கத்திலேயே போலீஸ்காரர் நிற்கும்போது வாய் வராது என்பது எனக்கும் தெரியும், அதற்குத்தான் ஒரு வக்கீல் அங்கே இருக்க வேண்டும் என்கிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன பிறகுதான், அடுத்த சில நாட்களில் இறந்தார்கள். அதாவது மருத்துவச் சான்றிதழ், ரிமாண்ட் என்ற இரண்டு வடிகட்டியையும் தாண்டித்தான் அது நடந்தது. அந்த நாளுக்கு அப்புறம் எந்த வீட்டாரிடமும் நான் ரிமாண்ட் வெறும் சடங்கு என்று சொல்வதில்லை.

வக்கீல் வைக்கக் காசில்லையா? காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு. 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். ரிமாண்ட் நேரத்துக்கே வக்கீல் கிடைப்பார்.

ஆளே எங்கே என்று தெரியவில்லை, ஸ்டேஷனில் "இங்க யாரும் இல்ல" என்கிறார்கள், 24 மணி நேரம் தாண்டிவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு (ஆளைக் கோர்ட் முன் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது) போட வேண்டிய நேரம் அது.

ஜாமீன், அதில் பணம் எங்கே வருகிறது

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால், உதாரணமாகச் சாதாரண அடிதடிக்கான பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 115(2), ஸ்டேஷனிலேயே விட வேண்டும். அது உரிமை, சலுகை இல்லை. ஸ்டேஷன் பெயிலுக்கு யாராவது "செலவு" கேட்டால் அது சட்டத்தில் இல்லாத செலவு.

ஜாமீனில் விடமுடியாத குற்றம் என்றால் ஜாமீன் கிடைக்காது என்று அர்த்தமில்லை, கோர்ட் முடிவு செய்யும் என்றுதான் அர்த்தம். முதலில் ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட், அங்கே தள்ளுபடி ஆனால் செஷன்ஸ், அப்புறம் உயர் நீதிமன்றம். ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் அவசியமானது என்று போலீஸ் எழுதிக் காட்ட வேண்டும் என்பது 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. ரிமாண்டிலேயே இதை எழுப்பச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். எஃப்.ஐ.ஆரில் "மற்றும் சிலர்" என்று இருந்து, அந்தச் சிலரில் உங்கள் வீட்டில் இன்னொருவர் இருக்கலாம் என்று பயமிருந்தால், அவருக்கு இப்போதே 482-வது பிரிவில் முன்ஜாமீன் (கைதுக்கு முன்பே வாங்கும் ஜாமீன்) பாருங்கள்.

"பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன்" என்று உத்தரவு வந்ததும் பலர் வட்டிக்கு இருபதாயிரம் வாங்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். வேண்டாம்! ரொக்கமாகக் கட்டச் சொல்லி உத்தரவில் இருந்தால் ஒழிய, அது கட்டும் பணமே இல்லை. ஆள் ஓடிப்போனால் ஜாமீன்தாரர்கள் கொடுக்க ஒப்புக்கொள்ளும் தொகை. உங்களுக்கு வேண்டியது ஆதாரும் ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் கையில் இருக்கிற இரண்டு மனிதர்கள், அதில் ஒருவர் இரத்த உறவாக இருந்தால் நல்லது. ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு மாதம் உள்ளேயே இருந்தால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது தானாக நடக்கும் என்று உட்கார்ந்திருக்காமல் ஒரு மனு போடுவது மேல்.

காலண்டரில் வட்டம் போடும் தேதி

முதல் ரிமாண்ட் நாளையும் சேர்த்து எண்ணுங்கள். 60 நாளில் குற்றப்பத்திரிகை (விசாரணையை முடித்துப் போலீஸ் கோர்ட்டில் போடும் அறிக்கை) வராவிட்டால், மரண தண்டனை, ஆயுள், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாளில் வராவிட்டால், ஜாமீன் உரிமையாகிறது. வக்கீல்கள் இதைக் கட்டாய ஜாமீன் என்பார்கள். ஒரே ஒரு கண்ணி: குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன் மனு போட்டிருக்க வேண்டும். 61-ஆம் நாள் கோர்ட் திறக்கும்போதே கையில் மனு இருக்கட்டும். கல்யாணம், வளைகாப்பு என்று அன்றைக்குப் போகாமல் விட்டு, மதியம் குற்றப்பத்திரிகை வந்துவிட்ட கதைகள் எனக்குத் தெரியும். கஞ்சா வழக்கில் அளவைப் பொறுத்தும், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கிலும் கணக்கு வேறு, இந்த 60-ஐ நம்ப வேண்டாம்.

இதே மாதிரி, குண்டர் சட்டம் முற்றிலும் வேறு. ஏற்கெனவே சிறையில் இருப்பவர்மேல் கலெக்டரோ கமிஷனரோ அந்த உத்தரவைப் போட்டால், அது 12 மாதம்வரை தடுப்புக் காவல், அதற்கு ஜாமீன் மனு கிடையாது. அறிவுரைக் கழகத்திடம் (அந்த உத்தரவைப் பரிசீலிக்கும் குழு) முறையிட வேண்டும், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். உத்தரவோடு கொடுத்த கட்டுக் காகிதத்தில் ஒரு பக்கம் தெளிவாக இல்லாவிட்டாலும், தமிழ் மொழிபெயர்ப்பு விட்டுப்போயிருந்தாலும் வக்கீலிடம் காட்டுங்கள், அதிலேயே ரத்தான உத்தரவுகள் நிறைய.

வெளியே வந்த பிறகு

தமிழ்நாட்டில் ஜாமீன் என்றால் பெரும்பாலும் கண்டிஷன் பெயில்தான்: தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. ஒரு நாள் தவறினால் ரத்து மனு வரும். காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அன்றே வக்கீலிடம் சொல்லுங்கள். புகார் கொடுத்தவரைச் சமாதானம் பேசலாம் என்று தேடிப் போகாதீர்கள், நல்லெண்ணத்தோடு போனாலும் "சாட்சியை மிரட்டினார்" என்றுதான் வரும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம் போடுவதும் வேண்டாம்.

கொஞ்ச நாள் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்ட பிறகு கண்டிஷன் தளர்வு மனு போடலாம், வாரம் ஒருமுறை என்றோ முழுவதுமாகவோ குறைப்பார்கள். அதற்கும் அந்த நோட்டுதான் வேண்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குப் போனோம், கையெழுத்து நோட்டை யார் கொடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.