டெக் மட்டங்களுக்கு 7 அங்குலக் கணக்கு

அமெரிக்க பாணியில் கூரை போட்ட, பல மட்ட டெக்கை (வீட்டை ஒட்டிய மரத்தளத்தை) மென்பொருளில் வரைகிறீர்களா? மட்டங்களுக்கு இடையிலான உயரத்தை 7 அங்குலத்தின் மடங்காகவே கொடுங்கள்: 14, 21 என்று. வீட்டுக் கதவருகே உள்ள மேல் மட்டத்திலிருந்து கீழ்நோக்கிக் கணக்கிடுங்கள்.

அமெரிக்காவில் வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதிப்படி ஒரு படியின் உயரம் 7¾ அங்குலத்தைத் தாண்டக்கூடாது. 16 அங்குலம் கொடுத்தால் இரண்டு படி போதாது; மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். பக்கத்துப் படிக்கட்டு 7 அங்குலத்தில் இருந்தால் கால் தடுமாறும். மடங்காக வைத்தால் எல்லாப் படியும் ஒரே உயரம், தச்சருக்கும் ஒரே அச்சு போதும்.

அப்புறம், கூரை உயரத்தை மேல் மட்டத்திலிருந்தே அளந்து போடுங்கள். இல்லையென்றால் உத்தரத்தில் தலை இடிக்கும்.

சரிவான மண்ணில் இறங்கும் கடைசிப் படிக்கட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கும் இது வேண்டாம்.